முள்ளங்கிப் பெட்டியும் மழைத்துளியும்: ஒரு ஸ்டோரி ஆர்ட்டிஸ்ட் இயக்குநராகும் வழி

'குங்ஃபூ பாண்டா 2' படத்தில் முள்ளங்கி மூன்று இடங்களில் வருகிறது. நூடுல்ஸ் கடை நடத்தும் வளர்ப்பு அப்பா, காய்கறி வந்த முள்ளங்கிப் பெட்டிக்குள் பாண்டாக் குட்டி ஒன்று உட்கார்ந்திருந்த கதையை மகன் போவிடம் சொல்கிறார். பிறகு படகில் தூங்கும்போது போவுக்கு ஒரு கெட்ட கனவு. பெற்றவர்களைக் கண்டுபிடித்து ஆசையாக ஓடினால், அவர்கள் இவனுக்குப் பதிலாக ஒரு முள்ளங்கியைப் பிள்ளையாக வைத்திருக்கிறார்கள். தியேட்டரே சிரிக்கும் இடம் அது. மூன்றாவதாக, பழைய நினைவு முழுதாகத் திரும்பும்போது, ஓநாய்கள் துரத்தி வர, தாய்ப் பாண்டா குழந்தையை முள்ளங்கிப் பெட்டிக்குள் ஒளித்துவிட்டு, துரத்துகிறவர்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு ஓடுகிறாள். அதே முள்ளங்கிதான், இந்த முறை யாருக்கும் சிரிப்பு வருவதில்லை.

படத்தின் திரைக்கதை ஜொனாதன் ஐபல், கிளென் பெர்கர் இருவருடையது. ஆனால் அனிமேஷன் படத்தில் எழுத்து மட்டும் தனியாக நின்று கதையை முடித்துவிடாது. எழுதிய ஒவ்வொரு காட்சியும் படங்களாக வரையப்பட்டு, வரிசையாகப் பார்க்கப்பட்டு, கிழிக்கப்பட்டு, மறுபடி எழுதப்படும். முதலில் வேடிக்கையாக வந்த பொருள் பின்னால் வலியாக வர வேண்டும் என்ற கணக்கெல்லாம் முழுப் படத்தையும் இப்படிக் கண்ணால் பலமுறை பார்த்தவர்களுக்குத்தான் பிடிபடும். அந்தப் படத்தை இயக்கிய ஜெனிஃபர் யூ நெல்சன், ஸ்டோரி ஆர்ட்டிஸ்டாகப் பல வருடம் அப்படிப் பார்த்துப் பழகியவர். 2011-இல் படம் வெளியானபோது, பெரிய ஹாலிவுட் ஸ்டுடியோவின் முழுநீள அனிமேஷன் படத்தைத் தனியாக இயக்கிய முதல் பெண் என்ற இடம் அவருக்குக் கிடைத்தது. உலகம் முழுக்க வசூல் சுமார் 66 கோடி டாலர்.

ஸ்டோரி ஆர்ட்டிஸ்டின் வேலை என்ன என்பதில் நிறையப் பேருக்குக் குழப்பம் உண்டு. இயக்குநர் சொன்ன ஷாட்டை அழகாக வரைந்து கொடுப்பவர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நடிகர்கள் நடிக்கும் படங்களில், சண்டைக் காட்சிக்கோ கிராபிக்ஸ் காட்சிக்கோ ஸ்டோரிபோர்டு (காட்சியைக் காட்டும் வரிசைப் படங்கள்) வரைபவரின் வேலை பெரும்பாலும் அதுதான். அனிமேஷனில் அப்படி இல்லை. கையில் வருவது இரண்டு மூன்று பக்க எழுத்து, சில சமயம் ஒரே பத்தி. 'இவன் வீட்டுக்கு வருகிறான், அப்பாவிடம் உண்மையைக் கேட்கிறான்' என்ற அளவுக்குத்தான் இருக்கும். அவன் எந்த வாசல் வழியாக வருகிறான், அப்பா அப்போது என்ன வேலையாக இருக்கிறார், கேள்வியைக் கேட்கும்போது நாம் யார் முகத்தைப் பார்க்கிறோம், எங்கே இரண்டு நொடி மௌனம் வேண்டும் என்பதையெல்லாம் அவர்தான் யோசிக்க வேண்டும். கேமரா, நடிப்பு, எடிட்டிங் மூன்றும் பென்சில் முனையில் ஒன்றாக நடக்கின்றன. வேண்டிய இடத்தில் வசனத்தையும் மாற்றுவார், புதிதாகவும் எழுதுவார்.

இந்த முறைக்கு வயது தொண்ணூறைத் தாண்டுகிறது. 1930-களின் தொடக்கத்தில் டிஸ்னி ஸ்டுடியோவில் வெப் ஸ்மித் என்ற கதைக்குழு ஓவியர், காட்சிகளைத் தனித்தனித் தாள்களில் வரைந்து ஒரு பலகையில் வரிசையாகக் குத்தி வைத்ததிலிருந்து இது வளர்ந்ததாகச் சொல்வார்கள். தாள் தனியாக இருந்தால் நடுவில் ஒன்றைப் பிடுங்கிப் போடலாம், இரண்டை இடம் மாற்றலாம் என்பதுதான் இதில் இருந்த புதுமை. நோட்டுப் புத்தகத்தில் வரைந்தால் அது முடியாது. இப்போது தாளும் குண்டூசியும் போய், திரையிலேயே வரையும் டேப்லெட்டும் அதற்கான மென்பொருளும் வந்துவிட்டன. ஆனாலும் எந்தப் படத்தையும் எப்போது வேண்டுமானாலும் தூக்கி எறியலாம் என்ற விதி மட்டும் மாறவில்லை.

வேலை நடக்கும் விதத்தைக் கிட்டத்தில் பார்ப்போம். ஒன்றரை மணிநேரப் படத்தை ஏறக்குறைய முப்பது சீக்வென்ஸாக, அதாவது காட்சித் துண்டுகளாகப் பிரிப்பார்கள். ஒவ்வொன்றும் இரண்டு மூன்று நிமிடம் வரும். ஆர்ட்டிஸ்ட் தன் பங்குக்கு வந்த சீக்வென்ஸை எடுத்து, முதலில் தபால்தலை அளவில் கிறுக்குவார். இதற்குத் தம்ப்நெயில் என்று பெயர். இந்தக் கட்டத்தில் முகம் வரைவதுகூட வீண்வேலை. யார் எங்கே நிற்கிறார்கள், பார்வை எந்தப் பக்கம் போகிறது என்பது தெரிந்தால் போதும். அது சரியாக வந்த பிறகே பேனல்களாக, அதாவது ஒவ்வொரு கணத்துக்கும் ஒரு தனிப் படமாக வரைவார். மூன்று நிமிடக் காட்சிக்கு நூற்றைம்பதிலிருந்து முந்நூறு பேனல் வரை போகும். சண்டைக் காட்சி என்றால் இன்னும் கூடும்.

அடுத்தது பிட்ச். இயக்குநர், எடிட்டர், மற்ற ஆர்ட்டிஸ்ட்டுகள் உட்கார்ந்திருக்க, வரைந்தவர் முன்னால் நின்று பேனல் பேனலாகக் காட்டி, எல்லாப் பாத்திரத்துக்கும் தானே குரல் கொடுத்து, காட்சி எந்த வேகத்தில் ஓட வேண்டுமோ அந்த வேகத்திலேயே நடித்துக் காட்ட வேண்டும். நம் ஊரில் தயாரிப்பாளரிடம் கதை சொல்லப் போகும் உதவி இயக்குநர் செய்வது போலத்தான். இங்கே அது வாழ்க்கையில் நாலைந்து தடவை வரும் வாய்ப்பு. அங்கே இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை வரும் வேலை. பிட்ச் முடிந்ததும் திருத்தங்கள் குவியும். மறுபடி வரைவார், மறுபடி சொல்வார். பிறகு படங்கள் எடிட்டரிடம் போகும். அவர் ஒவ்வொரு பேனலும் எத்தனை ஃபிரேம் நிற்க வேண்டும் என்று முடிவு செய்து, ஸ்டுடியோ ஊழியர்களின் தற்காலிகக் குரலையும் வேறு படத்து இசையையும் சேர்த்து ஓடவிடுவார். இதுதான் ஸ்டோரி ரீல். முழுப் படத்தின் ரீலையும் சில மாதங்களுக்கு ஒருமுறை திரையிட்டுப் பார்த்து, ஒவ்வொரு முறையும் பாதியை உடைத்துப் போடுவார்கள். பிக்ஸார் ஸ்டுடியோ 'ஃபைண்டிங் நீமோ'வுக்கு 43 ஆயிரத்துக்கு மேல் ஸ்டோரிபோர்டு படங்கள் வரைந்தது. 'வால்-இ'க்கு அது 98 ஆயிரத்தைத் தாண்டியது.

ஏன் இவ்வளவு? ஒரு அனிமேட்டர் வாரம் முழுக்க உழைத்தால் முழுநீளப் படத்துக்குச் சில நொடிகள்தான் முடியும். அதற்கு மேல் துணி, ரோமம், ஒளி, ரெண்டர் (கணினி இறுதிப் படத்தை உருவாக்குவது) என்று ஒரு பெரிய வரிசை காத்திருக்கிறது. அந்தக் கட்டத்தில் ஒரு காட்சியைத் தூக்கினால் பல பேருடைய பல மாத உழைப்பு போகும். போர்டில் தூக்கினால் ஒருவருடைய ஒரு வார உழைப்பு மட்டும் போகும். தப்பையெல்லாம் மலிவாக இருக்கும்போதே செய்து முடித்துவிட வேண்டும் என்பதுதான் கதைக்குழுவின் இருப்புக்கே காரணம்.

போர்டில் வழக்கமாக நடக்கும் தப்புகள் சில உண்டு. புதிதாக வந்தவர்கள் உணர்ச்சியைக் காட்ட குளோஸ்-அப்பாகப் போட்டுத் தள்ளுவார்கள். காட்சி நடக்கும் இடமே பார்ப்பவருக்குப் புரியாமல் போய்விடும். அடிக்கடி குளோஸ்-அப் வந்தால், உண்மையில் தேவைப்படும் இடத்தில் அதற்கு வலுவும் இருக்காது. இரண்டு பேர் பேசும்போது அவர்களை இணைக்கும் கற்பனைக் கோட்டைத் தாண்டிக் கேமராவை வைத்தால், இருவரும் ஒரே பக்கம் பார்ப்பது போலத் தோன்றும். ஒரே ஓவியத்தில் ரொம்ப நேரம் செலவழித்துவிட்டால் அதை விட மனசு வராது. காட்சிக்கு ஆகாது என்று தெரிந்தும் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். நல்ல கதைக்குழுவில் படம் கொஞ்சம் கரடுமுரடாக இருப்பதற்கு இதுவும் காரணம். தற்காலிக இசை இன்னொரு பொறி. வேறு படத்தின் சோக இசையைப் போட்டால் செத்த காட்சிகூட உயிரோடு இருப்பது போல் தெரியும். சந்தேகம் வந்தால் ஒலியை நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டும். நகைச்சுவைக்கு நேர் எதிரான ஆபத்து. இருபதாவது தடவை பார்க்கும்போது யாருக்கும் சிரிப்பு வராது. நன்றாக இருந்த நகைச்சுவையை அலுப்பினால் மாற்றிக் கெடுத்த காட்சிகள் ஏராளம்.

நெல்சன் 1972-இல் தென்கொரியாவில் பிறந்தவர். நான்கு வயதில் குடும்பத்தோடு அமெரிக்காவுக்கு வந்து, கலிஃபோர்னியாவின் லேக்வுட்டில் வளர்ந்தார். கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் லாங் பீச் வளாகத்தில் ஓவியம் படித்தார். எச்.பி.ஓ. தயாரித்த 'ஸ்பான்' அனிமேஷன் தொடரில் போர்டு வரைவது, பாத்திர வடிவமைப்பு, இயக்கம் என்று எல்லாப் பக்கமும் கை வைத்தார். அனிமேஷன் வேலையை மேற்பார்வையிடக் கொரியாவுக்கும் ஜப்பானுக்கும் போய்வந்தார். இந்தக் கட்டத்தைப் பலரும் சாதாரணமாகக் கடந்து போகிறார்கள். டிவி தொடரில் பணமும் நாளும் குறைவு. வெளிநாட்டு ஸ்டுடியோவுக்கு அனுப்பும் போர்டில் எதையும் ஊகத்துக்கு விட முடியாது. கை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதுவரை தாளிலேயே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காட்சி தப்பாகத் திரும்பி வரும். வேகமாகவும் சந்தேகத்துக்கு இடமில்லாமலும் வரையும் பழக்கம் அங்கேதான் படியும்.

1998-இல், பின்னாளில் 'குங்ஃபூ பாண்டா' படங்களை எடுத்த ட்ரீம்வொர்க்ஸ் ஸ்டுடியோவில் சேர்ந்தார். 'ஸ்பிரிட்' (2002), 'சிந்துபாத்' (2003), 'மடகாஸ்கர்' (2005) என்று வரிசையாகக் கதைக்குழுவில் வேலை. 'ஸ்பிரிட்' படத்தில் குதிரைகள் வாய் திறந்து பேசாது, நாயகக் குதிரையின் எண்ணம் மட்டும் அங்கங்கே பின்னணிக் குரலாக வரும். காது, கழுத்து, கண் இவற்றை வைத்தே கதை சொல்லியாக வேண்டும். ஒரு ஸ்டோரி ஆர்ட்டிஸ்டுக்கு இதைவிடக் கடுமையான பள்ளிக்கூடம் கிடைப்பது அரிது.

அதன்பின் 'குங்ஃபூ பாண்டா' (2008) படத்துக்கு ஹெட் ஆஃப் ஸ்டோரி, அதாவது கதைக்குழுவின் தலைவர். இந்தப் பொறுப்பைத்தான் இயக்குநர் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலி என்று சொல்ல வேண்டும். அதுவரை தன் சீக்வென்ஸை மட்டும் பார்த்தவர், இனி முப்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எந்தக் காட்சியை யாருக்குக் கொடுப்பது என்பதே பாதி வேலை. சண்டையில் கெட்டிக்காரர் ஒருவர், அமைதியான காட்சியில் இன்னொருவர். ஒருவர் வரைந்ததை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கும்போது முதல் ஆள் மனம் உடையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இயக்குநர் 'ஏதோ இடிக்கிறது' என்று மட்டும் சொன்னால், இடிப்பது அந்தக் காட்சியா, அதற்கு மூன்று காட்சி முன்னால் விட்டுப்போன ஒரு விஷயமா என்று கண்டுபிடிக்க வேண்டும். பெரும்பாலும் இரண்டாவதுதான்.

அந்தப் படத்தின் தொடக்கக் கனவுக் காட்சியை நெல்சனே இயக்கினார். படம் முழுக்கக் கணினி அனிமேஷன், இந்தக் காட்சி மட்டும் கையால் வரைந்தது. ஜேம்ஸ் பாக்ஸ்டரின் குழு அதை அனிமேட் செய்தது. தட்டையான அழுத்தமான நிறங்கள், முகத்தை மறைக்கும் பெரிய தொப்பி, எதிரிகள் நிழலுருவமாகப் பறக்கும் சண்டை. போ தன்னைப் பற்றித் தானே அளந்துவிடுகிறான். சட்டென்று கட்டிலிலிருந்து விழுந்து விழித்தால் நாம் முப்பரிமாண உலகத்தில் இருக்கிறோம். இவன் யாராக ஆசைப்படுகிறான், நிஜத்தில் யார் என்ற வித்தியாசத்தை விளக்கும் வசனமே தேவைப்படவில்லை, ஓவிய முறை மாறியதே சொல்லிவிட்டது. அந்தப் படத்தின் ஸ்டோரிபோர்டு வேலைக்காக நெல்சனுக்கு, அனிமேஷன் துறைக்கென்று தரப்படும் அன்னி விருது கிடைத்தது. அடுத்த பாகமும் அவர் கைக்கு வந்தது.

இயக்குநரானதும் மாறுவது என்ன? கை சும்மா இருக்க வேண்டும், அதுதான் முதல் அடி. காலையிலிருந்து மாலைவரை கூட்டங்கள்: கதை, எடிட்டிங், லேஅவுட் (கேமராவும் பாத்திரங்களும் நிற்கும் இடத்தை அமைப்பது), அனிமேஷன், ஒளியமைப்பு, குரல் பதிவு. ஒவ்வொரு அறையிலும் இருப்பவர் தன் வேலையில் இவரைவிடக் கெட்டிக்காரர். தானே வரைந்து காட்டினால் பத்து நிமிடத்தில் தீரும் விஷயத்தை, அந்த ஆளே கண்டுபிடிக்கும்படி சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் தானே மாற்றி வரையும் இயக்குநரின் குழு சீக்கிரமே யோசிப்பதை நிறுத்திவிட்டு, வரைந்து தரட்டும் என்று காத்திருக்க ஆரம்பித்துவிடும். நெல்சன் அதிர்ந்து பேசாதவர் என்று பேர் பெற்றவர். சத்தம் போட்டு வேலை வாங்குபவரே இயக்குநர் என்ற எண்ணம் இருந்த இடத்தில், நூற்றுக்கணக்கானவர்களை வைத்துப் பெரிய வெற்றிப்படம் ஒன்றை அவர் முடித்துக் கொடுத்தது, விருதுகளைவிடப் பெரிய செய்தி என்பதே எங்கள் கணிப்பு.

'குங்ஃபூ பாண்டா 2'-இல் இன்னொரு இடம். தொடக்கத்தில் குரு ஷிஃபு ஒரு நீர்த்துளியைக் கையில் வாங்கி, உடையாமல் உடம்பின் மேலேயே உருட்டி விடுகிறார். மன அமைதிக்கான பாடம் அது, போவுக்குப் புரிவதில்லை. நடுவில், பெற்ற தாய்க்கு என்ன ஆனது என்பது நினைவுக்கு வரும் நேரத்தில், அவன் கையில் ஒரு மழைத்துளி விழுகிறது. அதை அதே அசைவில் உருட்டி விடுகிறான். உச்சக் காட்சியில் பீரங்கிக் குண்டு வருகிறது, கை போகும் வழி அதேதான். துளி குண்டாக மாறியிருக்கிறது, அவ்வளவுதான். குழந்தைகூட யாரும் சொல்லாமலே புரிந்துகொள்கிறது. இது வேலை செய்ய வேண்டுமானால் மூன்று இடத்திலும் அசைவு ஒன்று போலத் தெரிய வேண்டும். மூன்றும் வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு மாதங்களில் செய்யும் வேலை. அதைக் கடைசிவரை கண்ணில் வைத்திருப்பதுதான் இயக்குநரின் வேலை. ரத்தமும் பிரிவும் நிறைந்த பழைய நினைவுகளைக் கையால் வரைந்த பாணியில் காட்டியதும் இதே வகை முடிவு. குழந்தைகள் படத்தில் அந்தக் கொடுமையை முப்பரிமாணத்தில் காட்டினால் தாங்காது. வரைந்த கோட்டில் காட்டும்போது ஒரு மெல்லிய திரை விழுகிறது, துக்கம் குறையாமலே.

கதைக்குழுவிலிருந்து மேலே வர இன்னொரு வழி குறும்படம். சீனாவில் பிறந்து கனடாவில் வளர்ந்த டொமி ஷி, ஷெரிடன் கல்லூரியில் படித்துவிட்டு 2011-இல் பிக்ஸாரில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். 'இன்சைட் அவுட்' கதைக்குழுவில் இருந்துகொண்டே, ஓய்வு நேரத்தில் ஒரு பாவ் உருண்டை (ஆவியில் வேகவைக்கும் சீனப் பலகாரம்) உயிர் பெற்றுப் பிள்ளையாக வளரும் கதையை வரைந்து வைத்திருந்தார். எட்டு நிமிடப் படமான 'பாவ்' 2019-இல் ஆஸ்கர் வாங்கியது, 2022-இல் 'டர்னிங் ரெட்' வந்தது. ஒரு ஸ்டுடியோவுக்குக் குறும்படம் என்பது சோதனை ஓட்டம். எட்டு நிமிடத்துக்கும் லேஅவுட், அனிமேஷன், ஒளி, இசை எல்லாம் உண்டு, ஆபத்து மட்டும் கம்மி.

வழுக்கும் இடங்களும் உண்டு. பிரெண்டா சாப்மன் டிஸ்னியில் 'தி லிட்டில் மெர்மெய்ட்' காலத்தில் பயிற்சியாளராகத் தொடங்கி, 'தி லயன் கிங்' (1994) படத்துக்குக் கதைக்குழுத் தலைவரானவர். 'தி பிரின்ஸ் ஆஃப் ஈஜிப்ட்' (1998) படத்தை ஸ்டீவ் ஹிக்னர், சைமன் வெல்ஸ் இருவரோடும் சேர்ந்து இயக்கினார். பிக்ஸாரில் 'பிரேவ்' அவருடைய சொந்தக் கதை, தனக்கும் மகளுக்கும் இடையே நடந்த இழுபறியிலிருந்து எடுத்தது. 2010 அக்டோபரில் பாதியில் அவரை நீக்கிவிட்டு மார்க் ஆண்ட்ரூஸை உட்கார வைத்தார்கள். 2013-இல் ஆஸ்கர் மேடையில் இருவரும் சேர்ந்து நின்றார்கள். கிறிஸ் சாண்டர்ஸும் கதைக்குழுவிலிருந்து வந்தவர்தான். 'லிலோ அண்ட் ஸ்டிட்ச்' (2002) எடுத்த பிறகு, டிஸ்னியில் அவர் வளர்த்துக்கொண்டிருந்த 'அமெரிக்கன் டாக்' என்ற படம் கைமாறி, வேறு உருவத்தில் 'போல்ட்' ஆக வெளிவந்தது. அவர் ட்ரீம்வொர்க்ஸுக்குப் போய் டீன் டெப்லாவோடு சேர்ந்து 'ஹவ் டு ட்ரெயின் யுவர் டிராகன்' (2010) எடுத்தார்.

இப்படி மாற்ற முடிவதற்குக் காரணமும் அந்த ஸ்டோரி ரீல்தான். நடிகர்கள் நடிக்கும் படத்தில் இயக்குநர் மனதில் இருப்பது எடிட்டிங் அறைவரை வெளியே தெரியாது. அனிமேஷனில் சில மாதத்துக்கு ஒருமுறை, முடியாத படத்தை மேலிடம் முழுக்கப் பார்த்துவிடுகிறது. 1993 நவம்பரில் 'டாய் ஸ்டோரி' ரீலைப் பார்த்த டிஸ்னி அதிகாரிகள், வுடி பாத்திரம் வெறுக்கும்படி இருக்கிறது என்று தயாரிப்பையே நிறுத்தினார்கள். அந்தக் குழு இரவு பகலாக உட்கார்ந்து திருத்திக் காப்பாற்றியது. காப்பாற்ற அவகாசம் கிடைக்காதவர்களும் உண்டு. சரியான படமும் நடுவில் ஒரு கட்டத்தில் மோசமாகத்தான் தெரியும், மாவு பிசையும்போது ரொட்டி தெரியாது. அந்த நேரத்தில் எது பிசைந்துகொண்டிருக்கும் மாவு, எது கெட்டுப்போன மாவு என்று பிரித்தறியும் தயாரிப்பாளர் கூட இருப்பதைப் பொறுத்தே பல இயக்குநர்களின் பிழைப்பு இருக்கிறது.

நெல்சன் 2016-இல் மூன்றாம் பாகத்தை அலெசாண்ட்ரோ கார்லோனியோடு சேர்ந்து இயக்கினார். 2018-இல் நடிகர்களை வைத்து 'தி டார்க்கெஸ்ட் மைண்ட்ஸ்' எடுத்தார். சுமார் 3.4 கோடி டாலர் செலவில் எடுத்த படம் உலகம் முழுக்க 4.1 கோடி அளவுக்கே வசூலித்தது. தோல்விக்கு ஒரே காரணம் சொல்ல முடியாது. ஆனால் வேலையின் வரிசையே தலைகீழாகிறது என்பது உண்மை. அனிமேஷனில் எடிட்டிங் முதலில், 'ஷூட்டிங்' பிறகு. தேவையான ஷாட் மட்டுமே தயாரிக்கப்படும், காட்சி சரிவராவிட்டால் அடுத்த வாரம் வேறு மாதிரி வரையலாம். நேரடிப் படத்தில் முதலில் எடுத்துவிட்டு, கையில் இருப்பதை வைத்துத்தான் வெட்ட வேண்டும். சாயங்கால வெளிச்சம் போய்விட்டால் போனதுதான்.

பின்னர் 'லவ், டெத் அண்ட் ரோபோட்ஸ்' தொடரின் இரண்டாம் பாகத்திலிருந்து (2021) மேற்பார்வை இயக்குநரானார். ஒவ்வொரு படமும் வேறு ஸ்டுடியோ, வேறு பாணி, சில நிமிட நீளம். அவரே இயக்கிய 'பாப் ஸ்குவாட்' மழை கொட்டும் எதிர்கால நகரத்தில் நடக்கும் கதை. அதே தொடரின் மூன்றாம் பாகத்தில் அவர் இயக்கிய 'கில் டீம் கில்' தட்டையான பழைய கார்ட்டூன் பாணியில் ரத்தம் தெறிக்கும் கூத்து.

இந்தத் துறைக்குள் வர நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்டுடியோக்கள் கேட்கும் போர்ட்ஃபோலியோவில் அழகான தனி ஓவியங்களுக்கு மதிப்புக் குறைவு. தொடக்கம், நடு, முடிவு உள்ள இரண்டு மூன்று சீக்வென்ஸ் வேண்டும். ஒன்று நகைச்சுவை, ஒன்று ஓட்டமும் சண்டையும், ஒன்று இரண்டு பேர் ஓர் அறையில் உட்கார்ந்திருக்கும் அமைதியான காட்சி. பெரும்பாலானவர்கள் சண்டையைப் பிரமாதமாக வரைந்துவிட்டு அறைக் காட்சியில் தடுமாறுவார்கள். வரைந்து முடித்ததும் வசனத்தை மறைத்துவிட்டு, கதை தெரியாத ஒருவரிடம் காட்டி, என்ன நடக்கிறது என்று கேளுங்கள். அவர் எந்தப் பேனலில் தயங்குகிறாரோ, அங்கிருந்து திரும்ப வரையுங்கள்.